தெற்கே மட்டும் வராத பச்சை

“முத்து விழுந்தா பவளம் முகவரிய எடுத்துக்கிடுது, மேடம். எடுத்தும் பிரயோஜனம் இல்ல. ஒரு போட்டுகூட அதுகிட்ட வரமாட்டேங்குது.”

கர்வாலோ இதைச் சொன்னபோது சங்கரவடிவு கொய்யாக்காயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுகூடவா?”

“அன்னைக்குத் தெக்க உள்ள படகு ஒண்ணும் வரல. வடக்க உள்ளது வந்துது.”

“அப்போ ஒண்ணுகூட வரலன்னு சொல்லக் கூடாது.”

மறுபடியும் கடித்தாள். கர்வாலோ நின்றுகொண்டே இருந்தார்.

தூத்துக்குடியில், விசைப்படகுக்காரர்கள் சங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தக் கடலுதவி மையம். கடலுக்குப் போகும் படகு ஒவ்வொன்றிலும் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. அதில் ஒரு பட்டன். ஆபத்தென்றால் அமுக்க வேண்டும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். கரையில் மையம் கேட்டுவிட்டால் பச்சை வரும்.

பச்சை வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள்.

மையத்தில் இரண்டு சர்வர்கள். சங்கரவடிவு அவற்றுக்கு முத்து, பவளம் என்று பெயர் வைத்திருந்தாள். படகுப் பெட்டிகளுக்கு இந்த இரண்டும் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. விர்ச்சுவல் ஐபி என்று தொழிலில் சொல்வார்கள். அது எந்த மெஷினுக்கும் சொந்தமில்லை. யார் பணியில் இருக்கிறார்களோ அவர்களிடம் இருக்கும்.

வழக்கமாக முத்துவிடம் இருக்கும். முத்து விழுந்தால் பவளம் எடுத்துக்கொள்ளும். எடுத்த கையோடு அறையில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும்: இந்த முகவரி இனி என்னிடம்.

ஏற்பாடு அவ்வளவுதான். கர்வாலோவுக்கு அது மனப்பாடம். சங்கரவடிவுதான் சொல்லிக்கொடுத்தாள்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சரக்குக் கப்பல்களில் வயர்லெஸ் பார்த்தவர். கப்பலை விட்டுக் கரைக்கு வந்தபின், தன்னைவிடப் பதினைந்து இருபது வயது இளைய ஒரு பெண்ணிடம் முதலிலிருந்து எல்லாம் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் அவளை மேடம் என்று கூப்பிட நாக்கு கூசியது. பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போய்விட்டது.

“முத்துவும் பவளமும் ஒண்ணையொண்ணு கேட்டுக்கிடுதா?” என்றாள் சங்கரவடிவு.

“கேட்டுக்கிடுது.”

“முத்து விழுந்தா பவளத்துக்குத் தெரியுதா?”

“உடனே தெரியுது.”

“முகவரிய எடுத்துக்கிடுது.”

“ஆமா.”

“எடுத்துட்டேன்னு சத்தம் போடுதா?”

“போடுது. பக்கத்துல இருந்து பாத்தேன்.”

“அப்போ பவளத்த விட்ருங்க. பாவம்.”

கர்வாலோவுக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது.

போன மாதம் ஒரு முற்பகலில் முத்துவின் பவர் சப்ளை கருகிப்போனது. பவளம் உடனே முகவரியை எடுத்துக்கொண்டது. பணியில் இருந்தவர் கர்வாலோ. திரையில் எல்லாம் நன்றாக இருந்தது. வடக்கே உள்ள படகுகள் வரிசையாக வந்து தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போயின. தெற்கே சந்தடி இல்லை. அன்றைக்குத் தெற்கே போன படகுகள் குறைவு என்று அவர் நினைத்துக்கொண்டார். டீ சொல்லிவிட்டு, முத்துவைக் கழற்றிப் பார்க்க உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் மணப்பாட்டுக்கு நேர் கிழக்கே, ஆழ்கடலில், ஸ்டார்வின் என்கிறவனின் கை வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிக்கொண்டது. கூட இருந்தவன் பட்டனை அமுக்கினான். சிவப்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. போன் எட்டாத தூரம். வின்ச் இறுகியதில் இன்ஜினும் நின்றுபோயிருந்தது.

வேறொரு படகு தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது. ஸ்டார்வின் பிழைத்துக்கொண்டான். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

முத்துவுக்குப் புதிய பவர் சப்ளை போட்டு எழுப்பியதும் தெற்கே உள்ள படகுகள் எல்லாம் எதுவும் நடக்காததுபோல் பேச ஆரம்பித்துவிட்டன. கர்வாலோவை அரித்தது அதுதான். உடைந்தது உடைந்தபடி கிடந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம். தானாகச் சரியாகிவிட்டதை எங்கே பிடிப்பது?

அடுத்த மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கரவடிவுக்கு ஏழு மாதம். மாதக் கடைசியில் பிரசவ விடுப்பு.

“மேடம், மழை முடியுற வரைக்கும் நீங்க லீவு போடாம இருக்க முடியாதா?”

அவள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

“கேட்டுச் சொல்றேன்,” என்றாள்.

கர்வாலோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“தப்பா நெனச்சிக்கிடாதீங்க. நீங்க இல்லாம இத நான் எப்படிப் பாக்கப்போறேன்னு தெரியல. அதான்.”

சங்கரவடிவு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியைத் திறந்து, உள்ளே கிடந்த படகுப் பெட்டிகளில் ஒன்றை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

“இந்தப் பட்டன நீங்க எப்போ அமுக்கினீங்க, சார்?”

“நான் எதுக்கு அமுக்கணும்? அமுக்கினா இங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.”

“இங்க நடக்குறது தெரியும்,” என்றாள்.

பிறகு அவரைப் பார்க்காமல் தன் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. கடல் காலியாகக் கிடக்கும். முத்துவை நிறுத்திப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

பூசை முடிந்ததும் கர்வாலோ வெள்ளைச் சட்டையோடு அப்படியே படகுத்துறைக்குப் போனார். ரெமி என்கிற ரெமிஜியுஸ் தன் படகில் காத்திருந்தான். அவன் முகம் நன்றாக இல்லை.

“ஞாயித்துக்கெழமைல எறங்குனேன்னு தெரிஞ்சா எங்கம்மா வீட்டுல சேக்காது, சார்.”

“மீன் பிடிக்கவா போறோம்?”

“அத எங்கம்மாகிட்ட நீங்க வந்து சொல்லணும்.”

படகு கிளம்பியது. துறைமுகத்தின் பாறைச் சுவரைத் தாண்டியதும் காற்று வந்தது. கர்வாலோ பல வருஷங்களுக்குப் பிறகு கடலுக்குள் போகிறார். இரும்பின் கதகதப்பும் டீசல் வாடையும் மூக்கில் ஏறியதும் அவருக்குத் தன் வயசு மறந்துபோனது.

போன் எட்டும் தூரத்துக்குள்ளேயே போனார்கள். சங்கரவடிவு மையத்தில் உட்கார்ந்து முத்துவை நிறுத்தினாள்.

“நிறுத்தியாச்சு. அமுக்குங்க,” என்றாள் போனில்.

படகுகளின் சிக்னலை வாங்கி மையத்துக்கு அனுப்பக் கரையில் இரண்டு டவர்கள்; அது வடக்கு டவரின் எல்லை. அமுக்கினார். சிவப்பு. கண் இமைப்பதற்குள் பச்சை.

“வந்துட்டு, மேடம்.”

“தெக்க போங்க.”

ரெமி படகைத் திருப்பினான். திருச்செந்தூர்க் கோபுரம் கரையில் ஒரு விரல் உயரத்துக்குத் தெரிந்தது, பிறகு பின்னால் போனது. அதற்கப்பால் தெற்கு டவரின் எல்லை.

கர்வாலோ அமுக்கினார்.

சிவப்பு.

காத்திருந்தார்.

சிவப்பு விட்டு விட்டு எரிந்தது. பச்சையை எதிர்பார்த்தே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வராது என்று தெரிந்துதான் வந்திருந்தார். ஆனாலும் கண் அதையே தேடியது. ஒவ்வொரு முறை சிவப்பு அணையும்போதும் அடுத்தது பச்சையாக இருக்கும் என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் சிவப்பே வந்தது.

ரெமி இன்ஜினை நிறுத்திவிட்டான். படகு ஆடியது. தண்ணீர் அடிப்பலகையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“போதும்லா, சார்? வரலன்னு தெரிஞ்சு போச்சு.”

கர்வாலோ இன்னொரு முறை அமுக்கினார்.

“அன்னைக்கு அந்தப் பக்கமா வந்தது நாந்தான்,” என்றான் ரெமி. “பக்கத்துல போயி பாத்தா, கூட உள்ள பய பெட்டிய ஸ்டார்வின் கண்ணு முன்னாலேயே புடிச்சிட்டு நிக்கான். இந்தா வந்துரும், இந்தா வந்துரும்ங்கான். அவனுக்கு அழுகை வருது. ஸ்டார்வின் அழல. அவன் இதையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்.”

கர்வாலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அணைக்கவில்லை. சிவப்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டுப் பட்டு அணைந்தது.

அங்கே, அந்த ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் அவர் கேட்டதெல்லாம் பவளத்திடம். நீ எழுந்தாயா, எடுத்தாயா, சொன்னாயா என்று. இந்தப் பெட்டி யாரைத் தேடுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இங்கிருந்து போகிற கூக்குரல் டவருக்குப் போகும். டவரிலிருந்து மையத்தில் உள்ள தெற்கு ரவுட்டருக்குப் போகும். அந்த ரவுட்டர்தான் கையைப் பிடித்து யாரிடமாவது கொண்டுபோய்விட வேண்டும்.

அது யாரிடம் கொண்டுபோய்விடுகிறது?

“திருப்பு, ரெமி,” என்றார்.

*

மறுநாள் காலை கர்வாலோ தெற்கு ரவுட்டரின் முன்னால் உட்கார்ந்து கேட்டார்: இந்த முகவரி என்றால் உனக்கு யார்?

முத்து, என்றது.

சரி, இப்போது முத்துதான் பணியில் இருக்கிறது. ஆனால் பதிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது. நிரந்தரம்.

அவர் வடக்கு ரவுட்டரிடம் போய் அதையே கேட்டார். முத்து, என்று அதுவும் சொன்னது. நிரந்தரம் என்று சொல்லவில்லை. கேட்டறிந்தது, என்றது.

கர்வாலோ திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

வடக்கு ரவுட்டர் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. முகவரி இனி என்னிடம் என்று பவளம் சொன்னால் நம்பிக்கொள்ளும். தெற்கு ரவுட்டரிடம் யாரோ ஒருவர் தீர்த்துச் சொல்லிவைத்திருக்கிறார்கள்: இந்த முகவரி என்றால் முத்துதான், யார் வந்து என்ன சொன்னாலும் நம்பாதே. அது நம்பவில்லை. விழுந்து கிடந்த முத்துவிடமே ஸ்டார்வினின் கூக்குரலைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ரவுட்டரைத் திறக்கும் கடவுச்சொல் அவருக்கும் சங்கரவடிவுக்கும் மட்டுமே தெரியும். கர்வாலோ அதைத் தொட்டதில்லை. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார்.

மீன் ஏலக்கூடத்தின் பக்கமாக நடந்தார். கூட்டத்தில் யாரோ வணக்கம் சொன்னார்கள். பதிலுக்குத் தலையசைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. சங்கரவடிவு இல்லாவிட்டால் இன்றைக்கும் அவர் ஏதாவது கிடங்கில் கேட் காவல் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் போடாமல் அந்த ஒரு வரியை அழித்துவிடலாம். ரவுட்டர் பழசு, கோளாறு, இப்போது சரி என்று சொல்லிவிடலாம். அவளும் நிம்மதியாகப் பிள்ளை பெற்றுக்கொண்டு வருவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

யோசித்துக்கொண்டே ஏலக்கூடத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டார். பிறகு சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது. சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார், அதில் இன்னும் பட்டுக்கொண்டிருப்பதுபோல.

படியேறி மேலே வந்தார்.

“மேடம், தெக்கு ரவுட்டர் பவளம் சொல்றதக் கேக்கமாட்டேங்குது.”

“ஏன்?”

“கேக்க வேண்டாம்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க.”

“யாரு?”

கர்வாலோ மேசைமேல் கோணலாகக் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

சங்கரவடிவு அந்தப் பேனாவையே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

“அந்தக் கேமரா,” என்றாள்.

கர்வாலோ பேனாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பவளம் வர்றதுக்கு முந்தி. கீழ ஒரு கேமரா மாட்ட ஆள் வந்தான். அவனுக்குத் தெரியாது, அந்தக் கேமராவுக்கு நம்ம முகவரியவே குடுத்துட்டான். போட்டெல்லாம் கேமராகிட்ட போயி கத்திக்கிட்டு இருந்துது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இனிமே எவன் வந்து சொன்னாலும் நம்பாத, முத்து மட்டுந்தான்னு எழுதி வச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “வடக்கு ரவுட்டர் அப்புறம் பவளத்தோட வந்தது. அதுல எழுதல. இதுல எழுதினத மறந்துட்டேன்.”

“அந்த நேரத்துக்கு அது சரிதான், மேடம்.”

“அந்த நேரத்துக்கு,” என்றாள்.

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கீழே யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். தெற்கு ரவுட்டரின் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். கர்வாலோவுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் அழுகிறாளோ என்று நினைத்தார். திரும்பியபோது கண் காய்ந்துதான் இருந்தது.

“எடுத்துருங்க, சார்.”

“நீங்க போட்டது, மேடம். நீங்களே…”

“அதனாலதான் சொல்றேன்.”

அவர் உட்கார்ந்து அந்த வரியை அழித்தார். தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெமி மறுபடியும் தெற்கே போனான். இந்த முறை தனியாக. மையத்தில் சங்கரவடிவு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கர்வாலோ முத்துவை நிறுத்தினார்.

முத்துவின் விளக்குகள் அணைந்தன. பவளம் முகவரியை எடுத்தது. குரல் கொடுத்தது.

தெற்கு ரவுட்டர் கேட்டுக்கொண்டது.

சங்கரவடிவின் போன் அடித்தது. ரெமி.

“அக்கா, பச்சை வந்துட்டு. நாலு தடவ அமுக்கிப் பாத்துட்டேன். நாலு தடவையும் வந்துட்டு.”

அவள் போனைக் கர்வாலோவிடம் நீட்டினாள்.

“சார்கிட்ட சொல்லு.”

ரெமி முழுவதையும் மறுபடி சொன்னான். கர்வாலோ கேட்டுக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பின்னால் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

“ஸ்டார்வின் வீடு உங்களுக்குத் தெரியுமா, சார்?”

“திரேஸ்புரத்துல. எதுக்கு, மேடம்?”

“மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பினோம்லா. அது இல்லன்னு சொல்லணும்.”

“யாரும் நம்மகிட்ட கேக்கலயே. இந்த உடம்போட நீங்க அங்க போயி, அவங்க ஏதாவது பேசி…”

“ஆட்டோ புடிங்க.”

*

ஸ்டார்வின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, இடது கையாலும் வலது கையின் கட்டைவிரலாலும் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். முடிச்சு நிற்காமல் நழுவியது. திரும்பவும் போட்டான்.

அவன் மனைவி ஜெனோவா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சங்கரவடிவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். கர்வாலோ நின்றுகொண்டார்.

சங்கரவடிவு எல்லாவற்றையும் சொன்னாள். கேமராவைச் சொன்னாள். எழுதியதைச் சொன்னாள். மறந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஒருமுறைதான் சொன்னாள்.

ஸ்டார்வின் கயிற்றை விடவில்லை. கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டான்.

ஜெனோவா உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து பாத்திரங்களை உருட்டும் சத்தம் வந்தது.

“இப்போ வந்து சொல்லுதாங்க,” என்று அவள் குரல் கேட்டது.

சங்கரவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். கர்வாலோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்காமலே கையை லேசாக அசைத்தாள். அவர் மூடிக்கொண்டார்.

“இனிமே அமுக்குனா பச்சை வருமா?” என்றான் ஸ்டார்வின்.

“வரும். இன்னைக்குப் பாத்துட்டோம்.”

“மத்தவங்ககிட்ட சொன்னீங்களா?”

“என்ன?”

“வரும்னு.”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“எங்க ஆளுங்க பாதிப் பேரு பெட்டியக் கழத்தி வீட்டுல போட்டுட்டான்,” என்றான் ஸ்டார்வின். “ஸ்டார்வினுக்கே வரல, நமக்கு எங்க வரப்போவுதுங்கான். நீங்க ஆபீசுக்குள்ள உக்காந்து சரியாயிட்டுன்னு சொல்லிக்கிட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

முடிச்சு இந்த முறை நழுவவில்லை. அவன் அதை இழுத்துப் பார்த்தான். அவிழ்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான்.

சங்கரவடிவின் போன் அடித்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். தெற்கே போகும் படகுக்காரன் ஒருவன், சூசை. போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுக்கலியா?” என்றான் ஸ்டார்வின்.

அவள் மோர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

சத்தம் நின்றது. பிறகு கர்வாலோவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“சார், வடிவக்கா போன எடுக்கல. பக்கத்துல இருந்தா கொஞ்சம் குடுங்களேன். நாளைக்குத் தெக்க போறோம். அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போகவா, வேண்டாமான்னு அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்.”

கர்வாலோ போனைச் சங்கரவடிவிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போனுக்குள்ளிருந்து “சார்? சார்?” என்று சூசையின் குரல் சின்னதாகக் கேட்டது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஸ்டார்வின் கயிற்றைப் பிடித்தபடி கர்வாலோவையே பார்த்தான்.

கர்வாலோ போனைத் திரும்பக் காதுக்குக் கொண்டுவந்தார்.

“கர்வாலோ பேசுறேன், சூசை,” என்றார். “மையத்துல இனிமே நாந்தான். என்கிட்ட கேளு.”